மீன் சட்டி கழுவத் தெரியுமா?

புதுச்சேரி நகரின் வடக்குப் பகுதியில், கடலை ஒட்டினாற்போல் இருக்கிறது வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று பல ஊர்க் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்காக வந்து சேரும் கடற்கரை இது. மற்ற நாட்களில் படகும் வலையும் மீன் கூடையுமாக இருக்கும் மீனவர் குடியிருப்பு.

அங்கே ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பகல் சாப்பாடு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். கொல்லைப்புறத்தில் பாத்திரங்கள் குவிந்திருக்கின்றன. மீன் குழம்பு வைத்த மண்சட்டி ஒன்று. வஞ்சிரம் வறுத்த தோசைக்கல் ஒன்று. சோறு வடித்த அலுமினியக் குண்டான். எவர்சில்வர் தட்டுகள். தண்ணீர் வைத்த பித்தளைச் செம்பு. தம்பி கையைக் கழுவிக்கொண்டு பந்தாட ஓடிவிட்டான். அக்கா மணையைப் போட்டு உட்கார்ந்து தேங்காய் நாரைக் கையில் எடுக்கிறாள்.

நண்பர்களே, அந்தக் குவியலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. சட்டியில் மீன் வாடை. செம்பில் கறுப்பு. குண்டானில் காய்ந்து ஒட்டிய சோற்றுப் பருக்கை. இவை எல்லாவற்றையும் 'அழுக்கு' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை நான்கு வேறு வேறு பொருள்கள். ஒன்றைப் போக்கும் மருந்து மற்றொன்றைப் போக்காது. இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே சோப்பால் தேய்ப்பதால்தான் கையும் வலிக்கிறது, தண்ணீரும் வீணாகிறது. ஒவ்வொன்றாகக் காண்போமா?

எண்ணெய் ஏன் போக மறுக்கிறது?

காய்ந்த சோற்றுப் பருக்கையில் இருப்பது மாவுப்பொருள். அது நீரை உறிஞ்சி ஊதி, இளகிவிடும். ஆகவே குண்டானில் கால் பங்கு நீர் ஊற்றி அரைமணி நேரம் வைத்தால் போதும். பிறகு விரலால் வழித்தாலே வந்துவிடும். இங்கே தேய்ப்பதைவிடக் காத்திருப்பதே நல்ல வேலை.

எண்ணெய் அப்படியல்ல. ஒரு நாள் முழுதும் ஊறவைத்தாலும் அது நீரில் கரையாது. நீர் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சிறிதளவு நேர் மின்தன்மையும், மறுபக்கம் சிறிதளவு எதிர் மின்தன்மையும் இருக்கின்றன. அதனால் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாக இழுத்துக்கொண்டு நெருக்கமாக நிற்கின்றன. எண்ணெய் மூலக்கூறுகளில் இத்தகைய மின்தன்மை மிகக் குறைவு. ஆகவே நீர்க் கூட்டத்துக்குள் அவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துவைக்கும் தரகர்தான் சோப்பு. சோப்பு மூலக்கூறு ஒரு நீண்ட வால் கொண்ட தலைப்பிரட்டையைப் போன்றது. அதன் தலை நீரை நாடும். வால் எண்ணெயை நாடும். தட்டில் சோப்பு நீர் பட்டதும் ஆயிரமாயிரம் வால்கள் எண்ணெய்த் துளிக்குள் குத்திக்கொள்கின்றன. தலைகள் வெளியே நீரைப் பார்த்து நிற்கின்றன. நார் கொண்டு தேய்க்கும்போது எண்ணெய் சிறு சிறு உருண்டைகளாக உடைகிறது. ஒவ்வோர் உருண்டையையும் சோப்பு மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்வதால் அவை மீண்டும் ஒன்று சேராமல் நீரோடு போய்விடுகின்றன.

வெந்நீர் இதற்கு நன்றாக உதவும். ஆட்டுக் கொழுப்பு நம் ஊர் வெயிலிலும் உறைந்து நிற்பது. சூடு பட்டால்தான் உருகும். மீன் எண்ணெயோ சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும். கறிக்குழம்புச் சட்டியைவிட மீன் குழம்புச் சட்டியில் பிசுக்கு எளிதாகப் போவதைக் கவனித்திருக்கிறீர்களா? காரணம் இதுதான்.

ஒரு தட்டு, ஒரு சிட்டிகை மிளகுத் தூள்

ஒரு சுத்தமான தட்டில் நீர் ஊற்றுங்கள். அதன்மேல் மிளகுத் தூளை மெல்லத் தூவுங்கள். தூள் மிதக்கும். இப்போது விரல் நுனியில் சிறிது சோப்பைத் தடவி, தட்டின் நடுவில் நீரைத் தொடுங்கள். மிளகுத் தூள் நாலாபுறமும் சிதறி விளிம்புக்கு ஓடும்!

தூளைச் சோப்பு தள்ளியது என்று நினைப்பீர்கள். உண்மை வேறு. நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய ஒரு தோலைப்போல எப்போதும் விறைப்பாக இருக்கிறது. இதைப் பரப்பு இழுவிசை என்கிறோம். சோப்பு பட்ட நடுப்பகுதியில் இந்த இழுவிசை குறைந்துவிடுகிறது. சுற்றிலும் உள்ள நீரின் இழுவிசை குறையவில்லை. ஆகவே சுற்றியுள்ள பரப்பு தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் கையைத் தளர்த்தினால் என்ன ஆகும்? அதுபோலத்தான்.

அதே நீரில் மீண்டும் மிளகு தூவி, மீண்டும் சோப்பால் தொடுங்கள். இம்முறை தூள் அசையாது. பரப்பு முழுவதும் ஏற்கெனவே சோப்பு பரவிவிட்டது. சரியாகக் கழுவாத, எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் செய்தாலும் சோதனை சரியாக வராது. நீர்ப்பரப்பின் தன்மையை மாற்றக் கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெயே போதும்.

இந்த உண்மையை நுட்பமாக அளந்து உலகுக்குக் காட்டியவர் ஒரு பெண். அவருடைய ஆய்வுக்கூடம் எது தெரியுமா? அவர் வீட்டுச் சமையலறை.

சமையலறையில் ஒரு விஞ்ஞானி

ஆக்னஸ் பொக்கல்ஸ் 1862இல் பிறந்தார். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்னும் ஊரில் வளர்ந்தார். பௌதிகம் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் அந்நாளில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதில்லை. அவருடைய தம்பி ஃபிரீட்ரிக் பல்கலைக்கழகம் போனார். பின்னாளில் பௌதிகப் பேராசிரியரும் ஆனார். அக்கா நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, வீட்டு வேலை செய்துகொண்டு வீட்டிலேயே இருந்தார். தம்பி அனுப்பிய புத்தகங்களைப் படித்தார்.

பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் படலம் மிதப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம், கொட்டிவிடுகிறோம். ஆக்னஸ் அதைக் கொட்டவில்லை, ஆராய்ந்தார். இருபது வயதளவிலேயே ஒரு தகரத் தொட்டியை விளிம்பு வரை நீரால் நிரப்பினார். குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்தார். பட்டையை நகர்த்தினால் நீர்ப்பரப்பு சுருங்கும் அல்லது விரியும். பரப்பின்மேல் ஒரு சிறு வட்டத்தகட்டை வைத்து, அதை மேலே பெயர்த்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தராசால் அளந்தார். பரப்பில் துளி அழுக்கு இருந்தாலும், பட்டையை நகர்த்திப் பரப்பை ஓர் எல்லைக்கு மேல் சுருக்கும்போது இழுவிசை சட்டென்று விழுவதைக் கண்டார்.

சுமார் பத்து ஆண்டுகள் இவ்வாறு உழைத்தார். ஆனால் வீட்டுப் பெண் ஒருவர் செய்த ஆய்வை யார் வெளியிடுவார்கள்? இங்கிலாந்தில் ராலே பிரபு என்னும் பெரிய விஞ்ஞானி இதே துறையில் ஆராய்கிறார் என அறிந்து, 1891 ஜனவரியில் அவருக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதினார். ராலே பிரபுவின் மனைவி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ராலே அதைத் தாம் வைத்துக்கொள்ளவில்லை. 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான வார இதழுக்கு அனுப்பி, வெளியிடும்படி கேட்டுக்கொண்டார். 1891 மார்ச் 12ஆம் தேதி இதழில் அது ஆக்னஸின் பெயரிலேயே வெளிவந்தது.

அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மூர் பின்னர் இத்தகைய தொட்டியைச் செம்மைப்படுத்திப் பல கண்டுபிடிப்புகளைச் செய்தார். பரப்பு ரசாயன ஆய்வுகளுக்காக 1932இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு, கல்லூரிப் படியே ஏறாத ஆக்னஸுக்கு, அவருடைய 70ஆம் வயதில், பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

பாட்டியின் சாம்பலும் புளியும்

நம் வைத்திக்குப்பத்துக் கொல்லைப்புறத்துக்கே திரும்புவோம். இன்னும் மீன் வாடையும் செம்பின் கறுப்பும் மிச்சம் இருக்கின்றன. பாட்டிமார் இதற்கெல்லாம் சாம்பலும் புளியும் வைத்திருந்தார்கள். அவை வெறும் வழக்கமா, விஞ்ஞானமா?

சிறிது மஞ்சள் தூளை நீரில் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் தடவுங்கள். அதன்மேல் விறகுச் சாம்பலை ஊறவைத்த நீரை ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சள் சிவப்பாக மாறும். சாம்பல் நீர் காரத்தன்மை உடையது என்பதற்கு இது அடையாளம். சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் இதற்குக் காரணம். காரம் எண்ணெயின் ஒரு சிறு பகுதியோடு சேர்ந்து சோப்பாகவே மாறுகிறது. மீதியைச் சாம்பல் துகள் தேய்த்து எடுக்கிறது. அந்தச் சிவப்பின்மேல் புளிக்கரைசலை விட்டால் மறுபடி மஞ்சளாகும். புளியில் டார்ட்டாரிக் அமிலம் இருக்கிறது.

பித்தளைச் செம்பின் கறுப்பில் பெரும்பகுதி தாமிர ஆக்சைடு. சோப்பு இதை ஒன்றும் செய்யாது. புளியின் அமிலம் கரைத்துவிடும். அதனால்தான் புளி பட்ட இடம் உடனே பளிச்சென்று ஆகிறது. இதே காரணத்தால்தான், புளிக்குழம்பை ஈயம் பூசாத பித்தளையில் வைத்திருந்தால் களிம்பு ஏறுகிறது.

மீன் வாடையின் கதை இன்னும் சுவையானது. கடல் மீன்களின் உடலில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்னும் பொருள் இருக்கிறது. உப்பு நீரைத் தாங்கி வாழ அது உதவுகிறது. அதற்கு மணம் இல்லை. மீன் இறந்த பின் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. இதுவே நம் மூக்கில் ஏறும் வாடை. ஆற்று மீனில் இந்த வாடை குறைவாக இருப்பதும் இதனால்தான். டிரைமெத்தில் அமீன் ஒரு காரம். புளியோ எலுமிச்சையோ பட்டால் அது உப்பாக மாறி ஆவியாகாமல் நின்றுவிடும். ஆவியாகாத பொருள் மூக்கை எட்டாது. பிறகு நீர் அதைக் கரைத்துக்கொண்டு போகும்.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. அலுமினியக் குண்டானைச் சாம்பலாலோ சலவைச் சோடாவாலோ தேய்க்கக் கூடாது. காரம் அலுமினியத்தை அரிக்கும். மண்சட்டியில் நுண்ணிய துளைகள் உண்டு. சோப்பு நீர் அவற்றில் புகுந்து தங்கும். அதற்கு நாரும் வெந்நீரும் சிறிது புளியும் போதும். இரும்புத் தோசைக்கல்லை ஈரத்தோடு விட்டால் உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் விரைவில் துருப்பிடிக்கும். உடனே துடைத்து, துளி எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

நுரை எங்கே போயிற்று?

மூடியுள்ள இரண்டு புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மழைநீர். மற்றொன்றில் கடல்நீர். (அலையருகே நீங்கள் இறங்க வேண்டாம், பெரியவர் ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள்.) இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். மழைநீரில் நுரை பொங்கும். கடல்நீரில் நுரைக்குப் பதில் வெள்ளைத் திரிதிரியாக ஏதோ மிதக்கும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றில் கால்சியம், மக்னீசியம் உப்புகளும் அடங்கும். இவை சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத பொருளாகிவிடுகின்றன. அந்தத் திரிதான் வீணாய்ப் போன சோப்பு. கால்சியம், மக்னீசியம் மிகுந்த கிணற்று நீரிலும் இதுவே நடக்கும். இதைக் கடின நீர் என்கிறோம். இன்று கடையில் விற்கும் பாத்திரக் கட்டிகளும் திரவங்களும் பெரும்பாலும் சோப்பு அல்ல; டிடர்ஜெண்ட் வகை. அவை கடின நீரிலும் வேலை செய்யும். நம் நாட்டுப் பூந்திக்கொட்டையும் அப்படியே.

கடலோரக் கிணறு ஏன் உவர்ப்பாகிறது? மணலுக்கடியில் மழையால் சேர்ந்த நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான் கனம் அதிகம். ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதன் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 20 மீட்டர் ஏறிவர இடம் உண்டாகிறது. ஏறிய உப்பைத் திரும்பக் கீழே அனுப்புவது எளிதல்ல.

புதுச்சேரிக்கு நல்ல நீரின் அருமை பழைய பாடம். பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிறமாக நிற்கும் ஆயி மண்டபம், பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டப்பட்டது. இன்றும் நகரக் குழாய்களில் வருவது நிலத்தடி நீர்தான்.

ஒரு லிட்டர், இரண்டு விதம்

குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினால் எவ்வளவு செலவாகும்? 10 லிட்டர் வாளி உங்கள் வீட்டுக் குழாயில் எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். 2 நிமிடம் என்றால், 20 நிமிட வேலையில் 100 லிட்டர் ஓடிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. சோப்புப் போட்டுத் தேய்த்த ஒரு சட்டியில் 10 மில்லிலிட்டர் அழுக்கு நீர் ஒட்டியிருக்கிறது. அலச உங்களிடம் 1 லிட்டர் நீர் இருக்கிறது. முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால், மீண்டும் 10 மில்லிலிட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் பழைய அழுக்கு 101இல் ஒரு பங்கு. அதே 1 லிட்டரை அரை லிட்டராக இரண்டு முறை பயன்படுத்துங்கள். முதல் முறைக்குப் பின் 51இல் ஒரு பங்கு. இரண்டாம் முறைக்குப் பின் அதிலும் 51இல் ஒரு பங்கு. அதாவது 2,601இல் ஒரு பங்கு! நீர் அதே அளவு. சட்டியோ சுமார் 25 மடங்கு அதிகச் சுத்தம்.

ஆகவே முறை இதுதான். எச்சிலையும் முள்ளையும் முதலில் வழித்துக் குப்பையில் போடுங்கள். ஒட்டியதை ஊறவையுங்கள். குழாயை மூடிவிட்டுத் தேயுங்கள். பிசுக்கு இல்லாத டம்ளரை முதலிலும் மீன் சட்டியைக் கடைசியிலும் கழுவுங்கள். சிறிது சிறிதாக இரண்டு மூன்று முறை அலசுங்கள். கடைசி அலசலுக்குக் குடிக்கத் தகுந்த நீரையே பயன்படுத்துங்கள்.

பளபளப்பு வேறு, சுத்தம் வேறு

தட்டு முகம் பார்க்கும்படி மின்னலாம். ஆனாலும் கிருமி இருக்கலாம். சோப்பு பெரும்பாலும் கிருமிகளைக் கொல்வதில்லை. பிசுக்கோடு சேர்த்து அப்புறப்படுத்துகிறது. மிஞ்சியவை ஈரத்தில் பெருகும். வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கு ஈரத் தட்டும் எச்சில் படிந்த நாரும் நல்ல வீடு. ஆகவே பாத்திரங்களைக் கவிழ்த்து, வெயிலில் நன்றாக உலரவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால், ஒரு தட்டின் கிருமி எல்லாத் தட்டுக்கும் போகும். நாரையும் அலசிப் பிழிந்து வெயிலில் போடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த வெயில், வாங்கும் சோப்பைவிட முக்கியம்.

யார் கழுவ வேண்டும்?

கடைசியாக ஒரு கணக்கெடுப்பு. ஒரு தாளில் ஏழு நாட்களுக்கும் கட்டம் போடுங்கள். காலை, பகல், இரவு என்று மூன்று வரிசை. ஒவ்வொரு வேளையும் உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவியவர் யார், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால், ஆண்டுக்கு 365 மணி நேரம். பள்ளி நாளை 6 மணி நேரம் என்று வைத்தால், அது ஏறத்தாழ 60 பள்ளி நாட்கள்! அந்த 60 நாட்களும் ஒருவர் பெயரிலேயே இருக்கின்றனவா? அவர் அம்மாவா, அக்காவா? உங்கள் பெயர் எத்தனை கட்டத்தில் வருகிறது?

ஆக்னஸ் பொக்கல்ஸ் தம்முடைய தொட்டி முன்னால் நிற்க, வீட்டு வேலைக்கு இடையே நேரம் தேட வேண்டியிருந்தது. நம் வைத்திக்குப்பத்து அக்காவுக்கும் திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை இருக்கலாம். நான்கு வகை அழுக்கையும் அவற்றைப் போக்கும் நான்கு வழிகளையும் நீங்கள் இப்போது தெரிந்துகொண்டீர்கள். அடுத்த ஞாயிறு, பந்தாடப் போகும் முன் மணையைப் போட்டு உட்காருங்கள். மீன் சட்டியிலிருந்து வழியும் நீரில் வண்ணம் காட்டி மிதக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கவனியுங்கள். சோப்பு விரலால் அதைத் தொட்டால் என்ன ஆகிறது? பார்த்ததை நோட்டில் எழுதி, வகுப்பில் உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள்.